துரை விட்டுப் போன எம்ஜிபி: நாமே பிரித்துச் செய்யலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருக்கிறேன். வயது 46. தோட்டத்தில் கிராணியாக இருந்த என் தாய்மாமா, பெரிய துரை சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன 1968 எம்ஜிபி காடியை வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தார். கூரையை மடக்கும், இரண்டு சீட்டு இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார். மாமா தவறி 4 வருடம் ஆகிறது. காடி 19 வருடமாக வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நிற்கிறது. பல வருடம் அதன் பக்கத்தில் உர மூட்டை அடுக்கியிருந்தார்கள். கிராண் (பதிவுப் பத்திரம்) இன்னும் மாமா பெயரில்தான். ஈப்போவில் ஒரு பட்டறை முழுதாகச் செய்து தர 85,000 ரிங்கிட் கேட்கிறது. என் கையில் 40,000 இருக்கிறது. ஆலையில் 20 வருடம் வெல்டிங் பிடித்த கை. நானும் 17 வயது மகனும் சேர்ந்து செய்துவிடலாமா? பட்டறையில் விடலாமா? இல்லை, விற்றுவிடுவது நல்லதா?

பதில்: எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக், சஸ்பென்ஷன் எல்லாம் உங்கள் கைக்கு அடங்கும் வேலை. தயங்காமல் நீங்களே செய்யுங்கள். பெயிண்ட்டை வெளியே கொடுத்துவிடுங்கள். பாடியில் நீங்கள் கை வைக்கலாமா என்பதற்கு மட்டும் கடிதத்தைப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. அதைக் கதவுக்கு அடியில் இருக்கும் இரும்புதான் சொல்ல வேண்டும்.

நின்றுபோன காடியை எடுக்கிறவர்கள் முதலில் பேட்டரியை மாட்டி எஞ்சினைக் கிளப்பிப் பார்ப்பார்கள். உறுமிவிட்டால் காடி பிழைத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். எம்ஜிபியில் அந்தக் கணக்கு செல்லாது. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் 5 லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளிய காடி இது. அதன் 1798 சிசி எஞ்சின் வார்ப்பிரும்புக் கட்டை. ஒழுங்காகத் திறந்தால் எந்த நிலையிலிருந்தும் மீட்கலாம், உதிரிப் பாகங்களும் இன்னும் புதிதாகவே வருகின்றன. ஆனால் லாரிக்கு இருப்பதுபோல் இதற்கு அடியில் தனி இரும்புச் சட்டம் கிடையாது. மடித்து ஒட்டிய தகடுதான் முதுகெலும்பு. அதுவும் கூரை இல்லாத மாடல் என்பதால், முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் இரண்டு கதவுக்கும் அடியில் ஓடும் 'சில்' என்ற தகட்டுப் பெட்டிகளும் தரை நடுவில் போகும் டனல் என்ற மேடும்தான். சில் போனால் காடி நடுவில் மடங்கும்.

அதற்கும் முன்னால் ஒன்று, காகிதம். கிராண் காலமானவர் பெயரில் இருக்கும்போது ஒரு வெள்ளிகூடச் செலவழிக்காதீர்கள். மாமாவுக்கு வேறு வாரிசுகள் இருந்தால், நாளைக்குக் காடி பளபளத்த பிறகு பங்கு கேட்டு வருவார்கள். அமானா ராயா (அரசு அறங்காவல் நிறுவனம்) வழியாகவோ நீதிமன்றத்தின் வழியாகவோ சொத்து நிர்வாக ஆவணம் வாங்கி, ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகா) பெயர் மாற்றம் எப்படி நடக்கும், இத்தனை வருடம் சாலை வரி கட்டாமல் கிடந்த காடியை எப்படித் திரும்பப் பதிவுக்குள் கொண்டுவருவது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கையோடு கிராணில் உள்ள சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் காடியில் உள்ளதோடு ஒத்துப் பாருங்கள். 1968 மாடலுக்கு சேசிஸ் எண் 'ஜிஎச்என்4' என்று தொடங்க வேண்டும். எஞ்சின் எண் கட்டையின் வலப்பக்கம் ரிவெட் அடித்த சின்னத் தகடு. பல காடிகளில், எஞ்சினைக் கழுவக் கொடுத்த இடத்தில் அந்தத் தகடு கழன்று காணாமல் போயிருக்கும். பிறகு புஸ்பாகோம் போன்ற வாகனச் சோதனை மையத்தில் நின்று விளக்கம் சொல்ல வேண்டிவரும். இன்றைக்கே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி சில்லுக்கு வருவோம். கொட்டகையிலிருந்து வெளியே தள்ளி, அடிப்பாகம் முழுவதையும் நல்ல தண்ணீரால் நிதானமாகக் கழுவி வெயிலில் காய வையுங்கள். சேறு போவதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் பொட்டாசியம் குளோரைடு, உப்புக்குப் பங்காளி. காற்றில் ஈரம் ஏறினால் அதை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதன் தூசி மடிப்புக்குள் படிந்துவிட்டால், கடலோரத்தில் நிறுத்திய காடிபோல் உள்ளிருந்து அரிக்கும். அம்மோனியம் சல்ஃபேட் மூட்டையும் அங்கே இருந்திருந்தால் பித்தளையையும் செம்பையும் கடித்திருக்கும். ரேடியேட்டர், வயர் முனைகள், கார்புரேட்டர் ஜெட் எல்லாவற்றிலும் பச்சைப் பூச்சு தெரிகிறதா பாருங்கள். 19 வருடம் என்பதைவிட இந்த மூட்டைகள்தான் உங்கள் கடிதத்தில் கவலை தருகின்றன.

காய்ந்த பிறகு காடிக்கு அடியில் படுத்து, கதவுக்குக் கீழே சில் முடியும் விளிம்பைப் பாருங்கள். காடி செய்த ஆலையிலிருந்து வந்தபடியே இருந்தால் அங்கே கோட்டை மதில் மாதிரி பல் பல்லாக மடித்த தகடு தெரியும். அந்தப் பல்லுக்கு நடுவில் உள்ள சந்து வழியாகத்தான் உள்ளே போன தண்ணீர் வடிகிறது. பல் தெரியாமல் வழவழவென்று ஒரே தகடாக இருந்தால், யாரோ பழைய அழுகலின்மேல் புதுத் தகடு போர்த்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். தண்ணீர் வடியும் வழியும் அதோடு அடைபட்டுப் போயிருக்கும். கைக்குட்டை சுற்றிய காந்தத்தை சில்லின் வெளிப்பக்கமும் பின் சக்கரத்துக்கு முன்னால் உள்ள மூலையிலும் நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் இருப்பது புட்டி, ஓட்டையை மறைக்கும் பூச்சு. பிறகு பழைய தட்டை ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும், அழுகியது பொத்தென்று கேட்கும். பொத்தென்ற இடத்தில் முனையை வைத்து அழுத்துங்கள். இறங்கினால் இறங்கட்டும், பாவம் பார்க்காதீர்கள். அப்படியே முன் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள தடுப்புத் தகடு (அதன் ரப்பர் மக்கிப்போய் சேறெல்லாம் சில்லின் தலையில் உட்கார்ந்திருக்கும்), சீட்டுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரி உட்காரும் பெட்டிகள், பின் லீஃப் ஸ்பிரிங் தொங்கும் இடம் எல்லாவற்றையும் குத்திப் பாருங்கள். பெட்ரோல் டாங்கி அடியில் நன்றாக இருந்தாலும் நம்ப வேண்டாம். டிக்கித் தரைக்கும் டாங்கிக்கும் நடுவில் உள்ள பட்டையில் ஈரம் தங்கி, அது மேலிருந்துதான் ஓட்டையாகும்.

கடைசிச் சோதனை அளவெடுப்பது. நான்கு டயரிலும் காற்றடித்துச் சமதரையில் நிறுத்தி, கதவை மூடி, கதவின் பின் விளிம்புக்கும் பின் மட்கார்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை மேலேயும் கீழேயும் அளந்து எழுதுங்கள். மேலே நெருங்கிக் கீழே விரிந்திருந்தால் நடு இறங்கிவிட்டது. பிறகு கதவுக்கு நடுவே சில்லுக்கு அடியில் ஒரு அடி நீளப் பலகையை வைத்து ஜாக்கியால் மெல்லத் தூக்கி, அதே இடங்களை மறுபடி அளந்து பாருங்கள். 1 மில்லிமீட்டர் அசைந்தால் பரவாயில்லை, இந்த மாடல் கொஞ்சம் வளையத்தான் செய்யும். 3 மில்லிக்கு மேல் போனாலும், பலகை சில்லுக்குள் நொறுநொறுவென்று புதைந்தாலும் நிறுத்திவிடுங்கள். விஷயம் தெரிந்துவிட்டது.

உங்கள் 20 வருட வெல்டிங்கைப் பற்றி. இதைச் சொன்னால் கோபம் வரலாம். ஆலையில் நீங்கள் பிடிப்பது 6 மில்லி, 10 மில்லி பிளேட், 3.2 மில்லி எலெக்ட்ரோடு. இந்தக் காடியின் தகடு சுமார் 1 மில்லி. அதில் எலெக்ட்ரோடை வைத்தால் ஒட்டுவதற்கு முன் ஓட்டை விழும். ஓட்டை விழாமல் பிடித்தாலும் சூடு ஏறித் தகடு அலையலையாக நெளியும். இதற்கு வேண்டியது 0.6 மில்லி கம்பி போட்ட மிக் வெல்டிங் மெஷின், ஆர்கான் கலந்த வாயு, நீட்டாக இழுக்காமல் நிறுத்தி நிறுத்தி வைக்கும் கை. 1 செ.மீ. வைத்துவிட்டு ஒரு சாண் தள்ளி அடுத்ததை வைக்க வேண்டும். முதலாவது கை பொறுக்கும் அளவுக்கு ஆறிய பிறகே திரும்ப அங்கே வரவேண்டும். பெரிய வேலை பழகியவர்களுக்கு இந்தப் பொறுமைதான் கஷ்டம்.

அதனால் காடியைத் தொடுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதனை. 1 மில்லித் தகட்டில் 30 செ.மீ. நீளத்துக்கு இரண்டு பட்டை வெட்டுங்கள். மேல் பட்டையில் 25 மில்லிக்கு ஒன்றாக 8 மில்லித் துளை போட்டு, இரண்டையும் இறுக்கிப் பிடித்துத் துளைகளை வெல்டால் நிரப்புங்கள். ஆறியதும் வைஸில் மாட்டி உளியால் பிரியுங்கள். ஒட்டு கீழ்த் தகட்டைக் கிழித்துக்கொண்டு ஓட்டையோடு வந்தால் அது வெல்ட். பொட்டு மாதிரி சுத்தமாகப் பெயர்ந்து வந்தால் அது வெல்ட் இல்லை, மேலே உட்கார்ந்திருந்த இரும்புச் சொட்டு. தொடர்ந்து 3 ஜோடிப் பட்டையில் ஒரு துளைகூடப் பெயராத நாளில் நீங்கள் சில் போடத் தகுதியாகிவிட்டீர்கள். மகனும் இதே சோதனையைச் செய்யட்டும். சின்னக் கைக்கு இது சீக்கிரம் வரலாம்.

சில் மாற்றும்போது நடக்கும் பெரிய தவறு, அழுகலைப் பார்த்த ஆத்திரத்தில் இரண்டு பக்கத்தையும் வெட்டிப் போடுவது. வெட்டிய கணமே காடி நடுவில் தொய்யும். அந்தத் தொய்விலேயே புதுத் தகட்டை ஒட்டிவிட்டால் அப்புறம் ஜென்மத்துக்கும் கதவு மூடாது. ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான். முதலில் 25 மில்லி சதுரக் குழாயைக் கதவுக் கீல் தூணிலிருந்து பூட்டுத் தூண் வரை உட்பக்கமாகப் பூட்டுங்கள். கதவை மாட்டி மூடிப் பார்க்க இடம் இருக்க வேண்டும் என்பதால்தான் உட்பக்கம். முன்பு எழுதி வைத்த இடைவெளி அளவு வரும்வரை தாங்கிகளைச் சரிசெய்துவிட்டு அதன்பிறகு வெட்டுங்கள். சில் என்பது ஒரு தகடு அல்ல. உள் சில், நடுச் சுவர், கீழே மதில் தகடு, வெளி சில் என்று அடுக்கு. வெளித் தகட்டை மட்டும் மாற்றினால் பார்க்க அழகாக இருக்கும், பலம் இருக்காது. உள்ளிருந்து வெளியே வாருங்கள். ஒவ்வொரு தகட்டையும் முதலில் கிளிப் போட்டுப் பிடித்து, கதவை மாட்டி மூடிப் பார்த்து, பிறகுதான் வெல்ட். முன் மட்கார்ட் போல்ட்டில்தான் நிற்கிறது. ஆனால் சில போல்ட்டுகளை டேஷ்போர்டுக்குப் பின்னால் கை விட்டுத்தான் எடுக்க வேண்டும், கண்ணாடிச் சட்டமும் கழல வேண்டும். பின் மட்கார்ட் ஒட்டியது. அதன் முன்பக்கக் கீழ் மூலை சில்லின் முனையை மூடிக்கொண்டிருப்பதால் அந்த மூலையை வெட்டித்தான் திரும்பப் போட வேண்டும். வெட்டாமலே முடித்துத் தருகிறேன் என்று எந்தப் பட்டறை சொன்னாலும், அங்கே முழு சில் போடப்போவதில்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

தீ ஜாக்கிரதை. பெட்ரோல் குழாய் அடியில்தான் ஓடுகிறது. டாங்கியையும் குழாயையும் கழற்றி வெளியே வைக்காமல் ஒரு பொறிகூட விழக் கூடாது.

இயந்திர வேலையில் உங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இந்தக் காடிக்கே உரியதை மட்டும் சொல்கிறேன். நட்டு போல்ட்டெல்லாம் அங்குல அளவு. 1/2 அங்குலத் தலை 12.7 மில்லி. 13 ஸ்பேனரைப் போட்டால் வழுக்கி மூலையைத் தேய்த்துவிடும். 9/16 தலையோ 14.3 மில்லி, 14 ஸ்பேனர் ஏறவே ஏறாது. 5/16 போல்ட்டில் 8 மில்லி நட்டு ஏறுவதுபோல் ஏமாற்றி மரையைக் கொன்றுவிடும். ஆகவே முதல் செலவு ஏஎஃப் எனப்படும் அங்குல ஸ்பேனர் செட். எஞ்சினைச் சாவி போட்டுத் திருப்பாதீர்கள். பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்கு 15 மில்லிலிட்டர் கியர் ஆயிலும் டீசலும் கலந்து ஊற்றி 3 நாள் விட்டு, நாலாவது கியரில் போட்டுக் காடியை முன்னும் பின்னும் கையால் ஆட்டுங்கள். ராக்கர் மூடியைத் திறந்து எட்டு வால்வும் ஏறி இறங்குகிறதா பார்த்த பிறகு, பிளக் இல்லாமலேயே ஸ்டார்ட்டரைச் சுழற்றி எண்ணெய் அழுத்தம் ஏறுகிறதா பாருங்கள். எஞ்சினைத் திறக்கும்படி ஆனால் பிஸ்டனை முன்கூட்டியே வாங்கி வைக்காதீர்கள். ஈப்போவில் லாரி எஞ்சின் துளையிடும் கடையில் அளந்து, எத்தனை தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பெரிதாக வேண்டும் என்று அவர்கள் சொன்ன பிறகே ஆர்டர். அப்போதே எக்ஸாஸ்ட் வால்வுக்குக் கடின சீட் போடச் சொல்லுங்கள். ஈயம் இல்லாத இன்றைய பெட்ரோலில் பழைய சீட் தேய்ந்துகொண்டே போகும். கிளட்ச் மாற்ற எஞ்சின் மேலே வந்தாக வேண்டும் என்பதால், வெளியே வந்த தடவையே கிளட்ச்சைப் புதிதாகப் போட்டுவிடுங்கள். தூக்க ஆலையிலிருந்து செயின் பிளாக் கிடைக்கும்தான். தயவுசெய்து அதைத் தகரக் கொட்டகை மரத்தில் மாட்டாதீர்கள்.

பிரேக்கில் பாதி வேலை கிடையாது. இந்த வருட மாடலுக்கு ஒரே எண்ணெய் வழி. எங்கே ஒரு குழாய் வெடித்தாலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய், ஹேண்ட்பிரேக் மட்டும் மிஞ்சும். மாஸ்டர் சிலிண்டர், முன் காலிப்பர், பின் சிலிண்டர், மூன்று ரப்பர் ஹோஸ், இரும்புக் குழாய் அத்தனையும் புதிது, டாட் 4 எண்ணெய். வயரிங்கும் அப்படியே. முகப்பு விளக்குக்கும் இக்னிஷனுக்கும் ஃபியூஸ் கிடையாது. தோட்டத்துக் கொட்டகையில் 19 வருடம் நின்ற காடியில் எலி கடிக்காத வயர் இருந்தால் அது அதிசயம். பேட்டரி மாட்டுவதற்கு முன் முழு வயர் கட்டையும் மாற்றிவிடுங்கள்.

இரண்டு பொருள் இந்தக் காடிப் பக்கமே வரக் கூடாது. ஒன்று, காஸ்டிக் சோடா. 1968 மாடலில் பானெட் அலுமினியம், கார்புரேட்டரும் அலுமினியம், சோடா இரண்டையும் தின்றுவிடும். இன்னொன்று, பாடித் தகட்டின்மேல் மணல் பீச்சுவது. ஆக்ஸிலுக்கும் சஸ்பென்ஷனுக்கும் சரி, கதவில் அடித்தால் அப்பளமாகப் பொரியும்.

பெயிண்ட்டுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு பொருளைக் கலந்து அடிக்கும் டூகே பெயிண்ட்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி இல்லாமல் வீட்டுக் கொட்டகையில் அடிப்பது நுரையீரலோடு விளையாட்டு. நீங்கள் செய்ய வேண்டியது, தகடு வெறுமையான அன்றே எபாக்ஸி பிரைமர் அடித்துவிடுவது. சாயங்கால மழைக்குப் பிறகு வெறும் தகட்டை விட்டுவைத்தால் காலையில் துரு மஞ்சளித்து நிற்கும். சாதாரண பிரைமரை மாதக்கணக்கில் விட்டால் அதுவும் ஈரம் குடிக்கும். நிறத்தை மாற்றினால் ஜேபிஜேயில் அதற்குத் தனியாகப் போக வேண்டும். மாமா ஓட்டிய நிறமே இருக்கட்டும்.

நேரக் கணக்கு. சில் உட்பட முழு வேலைக்கு 1,000 மணி நேரத்துக்குக் குறைத்து எண்ணாதீர்கள். சனி மதியமும் ஞாயிறும் சேர்த்து வாரம் 10 மணி நேரம் என்றால் 100 வாரம், அதாவது 2 வருடம். விளைச்சல் மாதங்களில் ஆலை ஞாயிறும் ஓடும், தீபாவளி, தைப்பூசம் உண்டு, மகனுக்கு 17 வயது என்றால் எஸ்பிஎம் தேர்வு. ஆகவே 3 வருடம். அத்தனை நாளும் காடியை முழுதாகப் பிரித்துப் போட்டிருந்தால் எந்த போல்ட் எங்கே என்று மறந்தே போகும். பாதியில் கைவிடப்படும் காடிகள் பெரும்பாலும் இப்படித்தான் பெட்டி பெட்டியாக விலைபோகின்றன, அதுவும் பாதி விலைக்கு. ஒரு பகுதியைக் கழற்றி, செய்து, திரும்பப் பூட்டிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். 40,000-இல் 10,000-ஐ இல்லாததாக நினைத்துத் தனியே வையுங்கள். பாடித் தகடுகளைக் கணக்கெடுத்து ஒரே தடவையில் வரவழையுங்கள். நீளமான சில்லுக்குக் கப்பல் கூலி அதிகம், இரண்டு தடவை கட்டக் கூடாது.

ஸ்க்ரூடிரைவர் வெளி சில்லிலும் மட்கார்ட் மூலைகளிலும் மட்டும் இறங்கி, மதில் தகடும் ஸ்பிரிங் தொங்கும் இடமும் கணீரென்றால், வெல்ட் சோதனையில் தேறியதும் நீங்களே செய்யுங்கள். 40,000-க்குள் முடிக்கப் பார்க்கலாம். உள் அடுக்கும் போயிருந்தால் பட்டறையிடம் 'முழு வேலை' பேசாதீர்கள். சில்லும் தரையும் மட்டும், கதவு இடைவெளியை எழுத்தில் உத்தரவாதம் தந்து, ஒவ்வொரு அடுக்கையும் மூடுவதற்கு முன் உங்களைக் கூப்பிட்டுக் காட்டும் நிபந்தனையோடு விலை கேளுங்கள். மீதி வேலை உங்களுடையது. கதவுத் தூண், எஞ்சின் அறைச் சுவர், பின் ஸ்பிரிங் தொங்கும் சட்டம் மூன்றும் சேர்ந்து போயிருந்தால், பிரிக்காமல், ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல், கிராணோடு விற்றுவிடுங்கள். இங்கிலாந்தில் 1988 முதல் இதே காடிக்குப் புதுப் பாடிக்கூடு செய்து விற்கிறார்கள். ஆனால் அதை வரவழைத்துப் பழைய எண்ணில் ஓட்ட ஜேபிஜே சம்மதிக்குமா என்பதை முதலில் எழுத்தில் வாங்க வேண்டும், 40,000-உம் அதற்குத் தாங்காது.

இந்த ஞாயிறு கழுவுங்கள், அடுத்த ஞாயிறு குத்துங்கள். கதவு இடைவெளியின் எட்டு அளவுகளையும் (இரண்டு கதவு, மேலும் கீழும், ஜாக்கிக்கு முன்னும் பின்னும்) மதில் தகட்டின் படத்தையும் அனுப்பினால், மூன்றில் நீங்கள் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று சொல்லிவிடலாம்.